சூசை சாரின் கேள்வி

“கதை எப்படி ஆன்ட்டி? இதுல என்ன நடக்குது?”

திருப்பிக் கொடுத்த நாவலைக் கையில் வைத்துக்கொண்டு, கவுண்டரில் இருந்த பெண் ஆவலாகக் கேட்டாள். சட்டையில் பெவர்லி என்று பெயர் அட்டை. பினாங்கு நூலகத்தின் தமிழ்ப் பகுதிக்குப் புதிதாக வந்திருப்பவள்.

குணவதிக்குச் சுருக்கென்றது. காலமெல்லாம் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்டுத்தான் பழக்கம். அவரையே ஒரு சின்னப் பெண் கேள்வி கேட்பதா?

“ஏன், நீயே படிச்சுப் பாக்க வேண்டியதுதானே?”

“எனக்குத் தமிழ் வாசிக்க வராது ஆன்ட்டி. பேச மட்டும்தான் தெரியும். கான்வென்ட்ல படிச்சேன் லா.”

வந்ததே கோபம்!

“தமிழ்ப் பொண்ணுதானே நீ?”

“ஆமா ஆன்ட்டி.”

“தமிழ் அலமாரியைப் பாத்துக்கத் தமிழ் வாசிக்கத் தெரியாத ஆளா? நல்ல கூத்தா இருக்கே! இதை வெக்கமில்லாம வேற சொல்ற. எங்க உங்க மேலதிகாரி?”

பெவர்லியின் முகம் சுண்டிப் போயிற்று. உள்ளறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

பாயான் பாருவில் இருக்கும் குணவதியின் சொந்தப் பேத்திக்கே ‘அ’ எழுத வராது. சரி, அது வேறு விஷயம். கோபத்தில் அதையெல்லாம் யார் நினைக்கிறார்கள்?

உள்ளறையில் தலைமை நூலகர் நூர்ஜான், முக்காட்டைச் சரிசெய்துகொண்டே எழுந்தார்.

“வாங்க டீச்சர், உக்காருங்க.”

“நான் உக்கார வரல. தமிழ் வாசிக்க வராதுன்னு வாயால சொல்ற அந்தப் பொண்ணை மொதல்ல வேற பக்கம் மாத்துங்க. இல்லன்னா மேலிடத்துல போய்ச் சொல்லுவேன்.”

“புதுசு டீச்சர். இன்னும் வேலை நிரந்தரமாகல. நீங்க மேல போனீங்கன்னா, பாவம், அவளுக்கு வேலையே போயிரும்.”

“போகட்டுமே! அந்த நாற்காலியில யாரு உக்காந்திருந்தாங்கன்னு அவளுக்குத் தெரியுமா? எங்க சூசை சார்!”

பெயரைச் சொன்னதும் குரல் தானாக இளகிவிட்டது. உட்கார வரவில்லை என்றவர் உட்கார்ந்துவிட்டார்.

“சுங்கை பினாங்லேருந்து அப்பாவோட சைக்கிள் பின்னால உக்காந்து, சனிக்கிழமை தவறாம இங்க வருவேன் நூர்ஜான். கண்ணாடி அலமாரி. திறந்தா அந்துருண்டை வாசம் குப்புன்னு அடிக்கும். இன்னைக்கும் அந்த வாசம் எங்கயாச்சும் வந்தா எனக்குச் சனிக்கிழமைதான். புக்கைத் திருப்பிக் குடுத்தா சார் லேசுல விடமாட்டாரு. ‘கதை என்ன, சொல்லு’ம்பாரு. முழுக் கதையும் சொன்னாத்தான் அடுத்த புக்கு.”

“சொல்லாட்டி?”

“ஐயோ! ஒரு தடவை பாதியில விட்டுட்டு, முடிவை நானா அடிச்சு விட்டேன். ‘இதே கதையை உன் கூட்டாளி அமலம்மாள் போன வாரம் வேற மாதிரி சொன்னாளே’ன்னு சிரிச்சாரு பாருங்க, என் மானமே போச்சு! அலமாரியில இருந்த அத்தனை புக்கும் அவருக்கு அத்துப்படி. ‘இது உனக்குப் பிடிக்கும்’னு எடுத்துக் குடுத்தார்னா, பிடிக்காமப் போனதே கிடையாது. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் படிச்சேன். படிச்சுத்தான் டீச்சரானேன். அந்த மனுஷன் இருந்த இடத்துல இந்தப் பொண்ணா?”

குணவதிக்குக் கண் கலங்கிவிட்டது.

நூர்ஜான் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“டீச்சர், நானும் தமிழ்ப்பள்ளியில படிச்சவதான். இங்க சேர்ந்தப்ப, என் பேரைப் பாத்ததும் மலாய் அலமாரிக்குப் போட்டாங்க. சூசை சாருக்கும் அதே கதைதான். முகத்தைப் பாத்துத் தமிழ் அலமாரிக்குப் போட்டாங்க. யாருக்கு எது தெரியும்னு ஒருத்தரும் கேக்கல.”

“அதுக்கென்ன இப்போ?”

“நான் சேர்ந்த புதுசுல, சார் யாரும் பாக்காத நேரமா ஒரு புக்கை எடுத்துக்கிட்டு என்கிட்ட வந்தாரு. ‘அட்டையில என்ன போட்டிருக்கு, கொஞ்சம் வாசிச்சுச் சொல்லும்மா’ன்னாரு.”

“ஏன், கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டாரா?”

“கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு டீச்சர்.”

“அப்புறம் ஏன்?” என்றார் குணவதி.

“பாதிரியார் நடத்துன ஸ்கூல்ல இங்கிலீஷ் மட்டும் படிச்சவரு. தமிழ் ஒரு எழுத்து தெரியாது. நீங்கல்லாம் வந்து சொன்ன கதையை வச்சுத்தான் எந்தப் புக்குல என்ன இருக்குன்னு அவரு தெரிஞ்சுக்கிட்டாரு. அட்டைப் படத்தைப் பாத்து ஞாபகம் வச்சுக்குவாரு. ‘வெளிய தெரிஞ்சா ஏசுவாங்கம்மா’ன்னு, கடைசி வரைக்கும் பயந்துக்கிட்டே இருந்தாரு. இந்தப் பொண்ணு பயப்படல. கேட்டதும் உள்ளதைச் சொல்லிட்டா.”

அமலம்மாள் வேற மாதிரி சொன்னாளே...

பரீட்சை என்றல்லவா இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தார்! பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளிடம், “எங்க சூசை சார் மாதிரி தமிழ் படிச்சவர் பினாங்கிலேயே கிடையாது” என்று பெருமையடித்திருப்பார்!

“அடப்பாவி மனுஷா” என்றார் குணவதி. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கவுண்டரில் பெவர்லி தலையைக் குனிந்தபடி நின்றிருந்தாள். அந்த நாவல் இன்னும் மேசைமேலேயே கிடந்தது.

“அதைக் கையில எடு.”

பயந்துகொண்டே எடுத்தாள்.

“இப்ப கேளு.”

“என்ன கேக்கணும் ஆன்ட்டி?”

குணவதி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் எதிரில் உட்கார்ந்தார்.

“கதை என்னன்னு கேளும்மா.”