தொட்டியில் குடைமிளகாய்

“விதை போட்டே காய்க்க வைக்கிறேன் பாருங்க” என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தார் ஓய்வு பெற்ற வாத்தியார். போட்டது பச்சை மிளகாய் விதை. தொட்டியில் காய்த்ததோ குடைமிளகாய்.

செருப்பை மாட்டினார். “என் காதுலயே பூ சுத்தியிருக்கான் விதைக்கடைக்காரன். நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்.”

மனைவி வாசலை மறித்தாள். “பாவங்க, அவர் மேல தப்பில்லை. நீங்க பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தப்ப நான்தான் நர்சரியில மிளகாய் நாத்துன்னு கேட்டு வாங்கி நட்டேன்.”

“எதுக்கு?”

“விதை ஒண்ணுகூட முளைக்கலை. பார்த்தா இடிஞ்சு போயிடுவீங்களேன்னுதான்.”

வாத்தியார் செருப்பைக் கழற்றினார். “எதுவுமே வரலையா?”

“வெறும் களைதான். மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டேன்.”

“எப்படி இருந்துச்சு களை?”

“குட்டிக் குட்டியா, ரெண்டு ரெண்டு இலையோட. அதிசயமா, வரிசை கட்டி நின்னுதுங்க!”