காரம் போதலையாம்

சிறை வாசலில் அந்த அம்மா டப்பாவை நீட்டியதும், மீசைக்காவலர் சமோசாக்களைத் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாக விரலால் பிளந்தார். உருளைக்கிழங்கு மேசையெல்லாம் சிந்தியது.

“ஒண்ணையாவது முழுசா விடுங்கய்யா. எம்புள்ளைக்குன்னு ஆசையா மடிச்சது.”

“உள்ள பிளேடு இருந்தா நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?”

 அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“போன வாரம் குடுத்ததைச் சாப்பிட்டானா?”

“சாப்பிட்டான். காரம் போதலையாம்.”

“இன்னிக்கு மிளகாய் கூடவே போட்டிருக்கேன்.” முகம் மலர்ந்தது ஒரு நொடிதான். “அவனுக்கு எம்மேல கோபம் போயிடுச்சாய்யா? இன்னிக்காவது அவனைக் கண்ணுல காட்டுங்களேன்.”

“எவனையோ அடிச்சுட்டு தண்டனையில இருக்கான். பார்க்க முடியாது.”

“வாராவாரமா தண்டனை?”

“கெளம்பும்மா. பின்னால எத்தனை பேர் நிக்கறாங்க பாரு.”

காலி டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போனார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த காவலர் அப்போதுதான் வேறு சிறையிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீசைக்காரர் தட்டை இழுத்து வைத்து ஒரு துண்டை வாயருகே கொண்டுபோனதும் பொறுக்க முடியவில்லை.

“பெத்தவ புள்ளைக்குக் கொண்டுவந்ததைத் திங்கறீங்களே அண்ணே, தொண்டையில எறங்குமா?”

மீசைக்காரர் துண்டைத் தட்டிலேயே வைத்தார்.

“அப்ப நீயே கொண்டுபோய்க் குடு.”

தட்டும் கையுமாக உள்ளே போய் விசாரித்துப் பார்த்தால், தண்டனையில் இருப்பதாகச் சொன்னவன் மற்ற கைதிகளோடு ஜாலியாகக் கேரம் ஆடிக்கொண்டிருந்தான். அடப்பாவி மனுஷா, இதிலும் பொய்யா என்று புதியவருக்கு மனம் கொதித்தது.

“உங்க அம்மா குடுத்தாங்கப்பா. சாப்பிடு.”

அவன் முகம் இறுகிவிட்டது.

“என்னைப் போலீஸ்ல புடிச்சுக் குடுத்ததே அவங்கதான். நான் பார்க்கவும் மாட்டேன், அவங்க கையால திங்கவும் மாட்டேன். எனக்கு அம்மாவே இல்லைன்னு அந்த மீசைக்கார சார்கிட்ட வாராவாரம் சொல்றேன். எடுத்துட்டுப் போங்க.”

புதியவர் அதே தட்டோடு திரும்பி வந்தார்.

மீசைக்காரர் ஒரு துண்டை எடுத்து மென்றார். மிளகாய் சுள்ளென்று உறைத்ததில் இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த துண்டை எடுத்தார்.

“அடுத்த வாரம் வந்ததும், புள்ளைக்குப் புடிச்சிருந்துச்சான்னுதான் அந்தம்மா முதல்ல கேக்கும். திங்காம என்னத்தைச் சொல்றது?”