நடுவில் போய் நின்ற வோல்ட் மீட்டர்

ஒரு மேசைமேல் ஆறு வோல்ட் பேட்டரியும் வோல்ட் மீட்டரும் புதிதாக வந்த குட்டிப் பல்பும் இருந்தன. பல்புக்கு அன்றுதான் முதல் நாள். எரியாவிட்டால் குப்பை டப்பாதான். "கடவுளே, ஒரே ஒரு தடவையாவது எரிஞ்சிடணும்" என்று வேண்டிக்கொண்டே அது ஒயரைப் பிடித்துக்கொண்டது.

எப்போதும் ஓரமாய் நின்று அளக்கும் வோல்ட் மீட்டருக்கு அன்று என்ன தோன்றியதோ! "எத்தனை நாள்தான் ஓரத்திலேயே நிற்பது?" என்று ஒயரைப் பிரித்து, பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவே போய் நின்றுகொண்டது.

பேட்டரி மூச்சைப் பிடித்துத் தள்ளியது. மீட்டரின் முள் விர்ரென்று ஏறியது.

"ஆறு! முழுசா ஆறு வோல்ட்டும் எனக்கே!" என்று அது குதித்தது.

பல்போ இருட்டாகவே இருந்தது. அதற்கு அழுகை முட்டியது. "பேட்டரியக்கா, எனக்கு ஒண்ணுமே வரலையே. நான் பழுதா?"

"இல்லடி தங்கம். நடுவுல நிக்கிறானே, அவனுக்குள்ள மின்தடை மலை மாதிரி. நான் தள்ளுறதெல்லாம் அவன்கிட்டயே தீர்ந்துபோகுது. மின்னோட்டம் உன்கிட்ட எப்படி வரும்? டேய், ஓரமா நில்லுடா!"

"அப்போ என் ஆறு போயிடுமே!"

"போகாதுடா. அவ ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நில்லு."

"வாங்கண்ணே, சீக்கிரம்!" என்று பல்பு கெஞ்சியது.

முனகிக்கொண்டே மீட்டர் விலகி வந்து, பல்பின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டது. ஒயர் ஒன்றுசேர்ந்தது. பளிச்! பல்பின் உடம்பெல்லாம் வெளிச்சம். முள்ளும் மறுபடி ஆறிலேயே போய் நின்றது.

"பார்த்தீங்களா! நான் கை வெச்சதும்தான் எரியுது!" என்று கத்தியது வோல்ட் மீட்டர்.

பல்புக்குப் பதில் சொல்ல நேரமில்லை. அது எரிந்துகொண்டிருந்தது.