நாலு மணிக்கு நடை திறக்கும்

தோசை மாவு ஃபிரிட்ஜில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று மனோகரன் மூன்றாவது முறையாகக் கேட்டபோது, குவார்ட்டர்ஸ் வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

"மேல் தட்டு. ரிட்டயர் ஆவப் போறீங்க, இன்னும் மாவு எங்கன்னு தெரியல" என்று சொல்லிக்கொண்டே பஞ்சவர்ணம் செருப்பை மாட்டினாள். அவசரப்படாமல் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு வா என்று அவர் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

சுற்றிப் பார்ப்பதற்காக அவள் கிளம்பவில்லை. ஆவடிக்கு வந்து முப்பது வருஷத்தில் மெட்ராஸைப் பார்க்காததில் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. பிளாக்கில் இருந்த பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு நாள் சுற்றுலாவுக்கு வேன் பிடித்தபோது, பட்டியலில் மயிலாப்பூர் கோயில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் பெயர் கொடுத்தாள்.

இன்று அனுஷம், மனோகரனின் நட்சத்திரம். முப்பத்தாறு வருஷம் ஃபேக்டரியில் இரும்போடு மல்லுக்கட்டி, ஒரு விரல்கூடச் சேதமில்லாமல் அடுத்த மாதம் வெளியே வருகிற மனுஷன். அவர் பேருக்கு ஓர் அர்ச்சனை. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நடந்தது. மியூசியத்தில் மாடி வீட்டுக் கனிமொழி ஒவ்வொரு கற்சிலைக்குப் பக்கத்திலும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். கலங்கரை விளக்கத்தில் லிஃப்டுக்கே அரை மணி நேரம் போயிற்று. கூட்டத்தில் தொலைந்துவிடப் போகிறது என்று, பக்கத்து வீட்டுச் சுதாவின் கைப்பையில் தன் செல்போனைப் போட்டுவைத்திருந்தாள் பஞ்சவர்ணம். மணி பார்க்கவும் சுதாவைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

ஒரு வழியாகத் தெப்பக்குளத்தின் அருகே வேன் நின்றபோது மணி பன்னிரண்டு அடிக்க இருந்தது. பஞ்சவர்ணம் முதல் ஆளாக இறங்கி, தேங்காய் பழத் தட்டு வாங்கிவிட்டாள். காலையிலிருந்து பெண்ணின் காலேஜ் விஷயமாக ஓயாமல் போனில் பேசிக்கொண்டிருந்த சுதா, அப்போதும் யாருடனோ பேசி முடித்துவிட்டு வேகமாக வந்து அந்தத் தட்டைக் கையிலிருந்து வாங்கினாள்.

"கூட்டமா இருக்குக்கா. இப்ப வேணாம்."

"இருந்தா இருக்கட்டும். நான் மட்டும் போயிட்டு வரேன்."

"நடை சாத்திருவாங்க."

"இன்னும் அரை மணி நேரம் இருக்கு சுதா."

சுதா கனிமொழியைத் தனியே கூப்பிட்டுப் போனாள். டிரைவர் பாபுதான் சமாதானம் சொன்னான். "இன்னாக்கா நீ, இதுக்குப் போயி. நாலு மணிக்கு நடை திறக்கும், நானே இட்டுனு வரேன்."

சாப்பாட்டுக் கடையில் இரண்டு மணி நேரம் ஓடியது. சுதா ஒரு பக்கம், கனிமொழி ஒரு பக்கம் உட்கார்ந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் சாப்பிடு, இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்று பஞ்சவர்ணத்தின் இலையிலேயே கண்ணாக இருந்தார்கள். கல்யாண வீட்டில் இரண்டாம் தடவை பாயசம் கேட்கிற கனிமொழி, தன் இலையை அப்படியே மூடினாள். காலையில் வேனில் தின்ற முறுக்கே அவளுக்குப் போதும் என்று பஞ்சவர்ணம் எரிச்சலோடு நினைத்துக்கொண்டாள்.

பிறகு கடற்கரை. உச்சி வெயிலில் மணலில் உட்கார்ந்தார்கள், ஒருத்தியும் கால் நனைக்கவில்லை. மாவைக் கண்டுபிடித்தாரா என்று கேட்கலாம் என்று போனைக் கேட்டதற்கு, சார்ஜ் போய்விட்டது என்றாள் சுதா. அவள் போனுக்கு மட்டும் சார்ஜ் இருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

நாலு மணிக்கு வேன் கிளம்பியது. கோயில் பக்கம் திரும்பவில்லை.

"பாபு, கோயில் அந்தப் பக்கம் இல்ல?"

காலையிலிருந்து வாய் மூடாத பாபு, காது கேட்காதவன்போல் ஓட்டினான். கோயம்பேடு போயிற்று, மதுரவாயல் போயிற்று. பஞ்சவர்ணம் ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தாள். எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சென்னீர்குப்பத்தில் வேன் ஆவடி ரோட்டுக்குத் திரும்பும்போது அவளுக்குப் பொறுமை போய்விட்டது. இருபது வருஷமாக உறைமோருக்கு என் வீட்டுக் கதவைத் தட்டுகிறவள், எனக்காகப் பத்து நிமிஷம் நிற்க முடியவில்லையா என்று சுதாவைக் கேட்டாள். உங்களோடு இனி எங்கேயும் வர மாட்டேன் என்றாள். சுதா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அப்போது அவள் போன் அடித்தது. "தோ, வந்துட்டோம்" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

"யாரு?"

"கௌதம்."

பஞ்சவர்ணத்தின் மகன். பெங்களூரில் வேலை. "அவன் ஏன் உனக்குப் போன் பண்றான்?"

"வீட்டுக்கு வந்துட்டானாம்க்கா. இப்பதான்."

பஞ்சவர்ணத்தின் கோபம் பாதி இறங்கிவிட்டது. "பாத்தியா? அப்பா நட்சத்திரத்தை ஞாபகம் வச்சு வந்திருக்கான். எனக்குத்தான் துப்பில்ல. பாபு, நம்ம பிள்ளையார் கோயில்லயாவது நிறுத்து. அவர் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டுத்தான் நான் வீட்டுப் படி ஏறுவேன்."

அவள் எழுந்தே விட்டாள். சுதா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"அண்ணன் பேருக்கு இனிமே அர்ச்சனை பண்ணக் கூடாதுக்கா."