அறுபது மடங்கு கிட்டத்தில்

மொட்டைமாடிச் சுவரில் கேமராவை ஊன்றி, வயலுக்கு அந்தப் பக்கம் நின்ற கொக்கைத் தேடிக்கொண்டிருந்தார் ஹரிஹரசுப்ரமணியன்.

வங்கி மேலாளராக ஓய்வுபெற்றுக் குத்தாலத்துக்கே திரும்பி வந்தவர். அறுபது மடங்கு ஆப்டிகல் ஜூம் உள்ள கேமராவை வாங்கியதிலிருந்து ஊருக்கு ஞானத்துக்குக் குறைவில்லை.

பால்காரர், சிலிண்டர் கொண்டுவருபவர், துக்கம் கேட்கப் போன வீட்டில் பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள், ஒருவரும் அவர் விளக்கத்திலிருந்து தப்பவில்லை. ஆப்டிகல் ஜூம் என்றால் லென்ஸே நகர்ந்து தூரத்துப் பொருளைத் துல்லியமாகக் கிட்டத்தில் கொண்டுவரும். டிஜிட்டல் ஜூம் வெறும் ஏமாற்று வேலை. படத்தில் ஒரு துண்டை வெட்டி ஊதிக் காட்டும், அவ்வளவுதான்.

கொக்கு பறந்துவிட்டது. கொடுத்துவைத்த கொக்கு.

லென்ஸைத் திருப்பினார். வயலுக்கு அப்பால் பஸ் நிறுத்தத்துக் கல் பெஞ்சில் அவர் மனைவி ஆனந்தம். அருகில் பக்கத்து வீட்டுப் பர்வின்.

ஆனந்தம் இரண்டு கைகளையும் கண்ணருகே குவித்தாள். பிறகு ஒரு விரலைத் தூக்கி ஆட்டினாள். மூக்குக்கண்ணாடியைச் சரியவிட்டு, பாவம் மக்கு ஜன்மம் என்பதுபோல் பர்வினைப் பார்த்தாள்.

பர்வின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

அது தாம்தான் என்று புரிய அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. விளக்கிச் சொல்ல அங்கே யாரும் இல்லையே.

கோபம் வந்தது. அதற்குள் ஆனந்தமும் சிரித்துவிட்டாள். தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பொத்தாமல், தோள் குலுங்க. இப்படிச் சிரிக்கிற ஒருத்தி தம் வீட்டில் இருப்பதாக அவருக்குத் தெரியாது.

இன்னும் கிட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டார். பட்டனை அழுத்தினார். அறுபதைத் தாண்டியதும் அந்த முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோனது.

கேமராவை அப்படியே வைத்துவிட்டு இறங்கினார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தார். ஒரு கால் சேற்றில் போனது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டார்.

போனதும் என்ன சொல்வது என்று யோசித்தார். ஒன்றும் சொல்ல வேண்டாம், சும்மா பக்கத்தில் உட்காரலாம் என்று தோன்றியது.

பர்வின்தான் முதலில் பார்த்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.

ஆனந்தத்தின் முகம் இப்போது கை எட்டும் தூரத்தில், மிகத் தெளிவாக இருந்தது. சிரிப்பு மட்டும் இல்லை.

"ஏன்னா, காபிக்கு நேரமாயிடுத்தா?" என்றபடி பையை எடுத்துக்கொண்டாள்.