விழுந்த நிழல்

சூரியத் தகடுகளைத் துடைக்கும் பேச்சியம்மாள், காலை வேளையில் மேற்குப் பக்கம் நின்றே துடைப்பாள்; அப்போதுதான் அவளுடைய நிழல் தகட்டின்மேல் விழாது. அன்று நிறுவனத்தின் சார்பில் தகடுகளின் செயல்திறனை அளக்கக் கருவியோடு வந்தவள், அவளுடைய நாத்தனார் எழிலரசி.

"கிழக்க வந்து நில்லுங்க மதினி. அப்பத்தான் முகம் தெளிவாத் தெரியும்."

"படமா பிடிக்க? முன்னாடியே சொல்லியிருந்தா பூ வச்சிட்டு வந்திருப்பேன்ல!" என்று சிரித்தபடியே இடம் மாறினாள் பேச்சியம்மாள்.

மாலையில் கருவி தீர்ப்பளித்தது: 'பணியாளர் நிழலால் மின்னிழப்பு. பேச்சியம்மாள் நீக்கப்படுகிறார்.'

"நீதானடி அங்க நிக்கச் சொன்ன?"

எழிலரசி தலை நிமிரவில்லை. "இழப்பே இல்லைன்னு எழுதினா என்னையத் தூக்கிருவாங்க மதினி."

பேச்சியம்மாள் எஞ்சியிருந்த ஒரு தகட்டை, நிழல் விழாத பக்கமாகப் போய் நின்று துடைத்து முடித்தாள். அதை எழிலரசி அளக்கவில்லை.