ரிவர்ஸ் கேமராவில் கமலம்மா

விஜயபுரம் அம்மன் கோயில் வாசலில், குங்குமமும் சாமந்தி மாலையுமாக நிற்கிறது கமலம்மா வீட்டின் முதல் கார். பெங்களூரில் சில வருடம் ஓடிய வண்டி. ராகுகாலம் பிறப்பதற்குள் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிக் கிளம்பிவிட வேண்டும் என்று காலையிலிருந்து எல்லோரையும் விரட்டியவர் கமலம்மாதான். மகன் கோபிகிருஷ்ணன் ரிவர்ஸ் கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்தியபடி டச் ஸ்கிரீனையே பார்க்கிறான். அதில் அம்மா இளவெயிலில் குனிந்து, பின்சக்கரத்தடியில் பழம் வைத்துக்கொண்டிருக்கிறார். "போதும்மா, எழுந்து வா," என்கிறான். "நான் எப்பவோ வந்து குந்திக்கினேன்டா," என்று பின்சீட்டிலிருந்து குரல் வருகிறது. முன்சீட்டில் அவன் பக்கத்தில் இருக்கும் அக்கா பிரேமலதா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைக்கிறாள். "சாப்ட்வேர்தான்டா பழசு, அதான் கேமரா படம் லேட்டா வருது. அப்டேட் போட்டா சரியாப்பூடும்." "இல்லக்கா, உள்ள கீற சிப்பே வீக்கு. இன்னா போட்டாலும் இப்டித்தான் இழுக்கும்." கமலம்மா இரண்டையும் காதில் வாங்கவில்லை. முன்சீட்டுகளின் நடுவே தலையை நீட்டித் தன்னையே பார்க்கிறார். குனிந்த தலையில் கனகாம்பரம் இவ்வளவு பளீரென்று இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. திரையில் இருப்பவர் மெல்ல நிமிர்ந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஓரமாக நடந்து மறைகிறார். "வண்டிய எடுக்கட்டுமாம்மா?" கமலம்மா ஜன்னலோரம் நகர்ந்து இடம் விடுகிறார். "இருடா. அவளும் வந்து ஏறட்டும்."